மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஓர் ஊழியம்



குழந்தை பிறந்து இரண்டு மாதம் நிறைவெய்தியதும் எமது தாய்மார் அதனைத் துணியிற் பொதிந்தெடுத்துக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வர். அங்கே குழந்தையின் தொடையில் ஏற்றப்படும் ஊசி ஐந்து நோய்களுக்கு எதிரானது. அவற்றுள் ஒன்று குக்கல். கக்குவான் என்றும் அதனை அழைப்பர். முன்னைய தலைமுறையினர் முக்கூட்டு ஊசி என அறிந்திருந்தது இதன் மூத்த வடிவமே. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றையும் அது தடுத்தது. அந்த மூன்றின் நடுவே நிற்கும் குக்கலுக்கு எதிரான மருந்து எந்த ஊரில், யாருடைய கைகளால், எத்தகைய இரவுகளின் முடிவில் உருவாயிற்று என்பதை நம்மிற் பலர் கேட்டறிந்ததில்லை. எட்வேர்ட் ஜென்னரையும் லூயி பாஸ்டரையும் பாடசாலைப் பருவத்திலேயே அறிந்துகொள்கின்றோம். பேர்ள் கென்ட்ரிக் என்னும் பெயரோ நோய்த்தடுப்புத் துறையினரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தும், அந்த ஊசியால் உயிர் காக்கப்பட்ட பிள்ளைகளின் வீடுகளை வந்தடையவில்லை.

1890 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24 ஆம் திகதி, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள வீற்றன் நகரில் பேர்ள் பிறந்தார். தந்தையார் ஒரு புரொட்டஸ்தாந்து போதகர். ஆகவே இவர் எமது திருச்சபையின் மகள் அல்லர். பீடங்களில் திருவுருவம் வைக்கப்பட்ட புனிதையும் அல்லர். இப்பகுதியில் இவரைப் பற்றி எழுதுவானேன் என எவரேனும் வினவினால், எரிக்கோ செல்லும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு நின்றவன் எந்த இனத்தைச் சேர்ந்தவன் என்பதை அவர்கள் ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும்.

மூன்று வயதில் பேர்ளுக்கே குக்கல் கண்டது. அவர் பிழைத்துக்கொண்டார். அக்காலத்தில் அது பல வீடுகளுக்குக் கிட்டாத பாக்கியம். பள்ளிப்படிப்பை முடித்து, சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1914 இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சில காலம் பாடசாலையில் கற்பித்தார், அதிபராகவும் இருந்தார். ஆயினும் நுண்ணுயிரியல் அவரை இழுத்தது. 1917 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அதனைக் கற்று, நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றி, பின்னர் 1920 இல் மிச்சிக்கன் மாநிலத்தின் சுகாதார ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். 1926 இல் அம்மாநிலத்தின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரிலிருந்த கிளை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாளராக்கப்பட்டார். பெண்களுக்கு மருத்துவ விஞ்ஞானத்தின் வாசல் பாதியே திறந்திருந்த காலம் அது. பொதுச் சுகாதார ஆய்வுகூடங்கள் அதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே சம்பளம் குறைவு, புகழ் அதனிலும் குறைவு. ஆண்கள் பெரிதும் விரும்பாத அவ்விடங்களிற் பெண்களுக்கு இடம் கிடைத்தது.

குக்கலைக் கண்ணாற் காணாத தலைமுறை இன்று வளர்ந்துவிட்டது. ஆதலின் அந்நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. தொடக்கத்தில் அது சாதாரண தடிமனைப் போலவே தோன்றும். மூக்கு ஒழுகும், சிறிது தும்மல், சிறிது இருமல், அவ்வளவே. ஓரிரு வாரங்களின் பின் அதன் உண்மை முகம் வெளிப்படும். பிள்ளை மூச்செடுக்க இடைவெளியின்றித் தொடர்ச்சியாக இருமும். முகம் சிவந்து, பின் நீலம் பாரிக்கும். கண்கள் பிதுங்கும். இருமல் ஓய்ந்த கணத்தில் அடைபட்ட தொண்டையூடாகக் காற்றை இழுக்கையில் ஒருவித கூவலோசை எழும். அதன்பின் உண்டதெல்லாம் வாந்தியாக வெளியேறும். இது நாளுக்குப் பலமுறை, பல வாரங்களுக்குத் தொடரும். நூறு நாள் இருமல் என்று கீழைத்தேயத்தார் அதற்குப் பெயரிட்டது வெறும் மிகைப்படுத்தல் அன்று. சில மாதங்களே ஆன சிசுக்களுக்கு அந்தக் கூவலோசைகூட எழாது. மூச்சு அப்படியே நின்றுவிடும். தாயின் மடியிலேயே நின்றுவிடும்.

நோயின் கொடுமையான ஒரு தந்திரமும் உண்டு. அது மற்றவர்களுக்கு மிக எளிதாகத் தொற்றுவது தடிமன் போலத் தோன்றும் அந்த முதல் நாட்களிலேயாகும். குக்கல் என வீட்டார் அறிந்துகொள்ளும் வேளையில் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் அது சென்று சேர்ந்திருக்கும். 1920 களிலும் 1930 களிலும் அமெரிக்காவில் மாத்திரம் ஆண்டொன்றுக்குச் சுமார் 6,000 பேர் இந்நோயால் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். எமது பக்கத்திலோ குக்கல் கண்ட பிள்ளைக்குக் கழுதைப்பால் தேடி அலைந்த தாய்மாரைப் பற்றி மூத்தோர் சொல்வதுண்டு. அவர்களைக் குறைசொல்ல எவராலும் இயலாது. வைத்தியர்களிடமும் அன்று உருப்படியான மருந்து எதுவும் இருக்கவில்லை.

இந்நோயை உண்டாக்கும் பக்டீரியாவைப் பெல்ஜிய நாட்டின் ஜூல்ஸ் போர்டே, ஒக்டாவ் ஜெங்கூ ஆகிய இரு விஞ்ஞானிகள் 1906 இல் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினர். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் பல நாடுகளில் பலவிதமான தடுப்பூசிகள் செய்யப்பட்டன. மருந்துக் கம்பனிகள் அவற்றை விற்கவும் செய்தன. பெரும்பாலானவை பயன்தந்ததற்குச் சான்று இல்லை. 1931 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தனது அங்கீகாரப் பட்டியலிலிருந்து குக்கல் தடுப்பூசிகளை அகற்றிவிட்டது. கற்றோர் கைவிட்ட துறையாக அது கிடந்தது.

அந்நிலையிலேயே 1932 இல் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரிற் குக்கல் கடுமையாகப் பரவிற்று. அந்நகரம் மரத் தளபாடங்களுக்குப் பேர்போனது. பொருளாதாரப் பெருமந்தம் அங்கிருந்த தொழிற்சாலைகளைத் தாக்கியிருந்தது. தச்சர்களும் மெருகூட்டுவோரும் வேலையிழந்து வீட்டிலிருந்தனர். பேர்ள் அந்த ஆண்டிலேயே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றிருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவருடைய ஆய்வுகூடத்துக்கு அவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்தவர் கிறேஸ் எல்டெரிங். மொன்டானா மாநிலத்தின் கிராமப்புறத்தில் வளர்ந்தவர், பத்து வயது இளையவர். அவரும் சிறுமியாயிருக்கையிற் குக்கலுக்குத் தப்பிப் பிழைத்தவரே.

குக்கலை ஆராய்வது அவர்களுடைய உத்தியோகக் கடமையாக இருக்கவில்லை. பகலில் அவர்கள் நகரத்தின் குடிநீரையும் பாலையும் பரிசோதிக்கவேண்டும்; வைத்தியர்கள் அனுப்பும் மாதிரிகளைச் சோதித்து முடிவு அறிவிக்கவேண்டும். குக்கலில் ஈடுபட அனுமதி கேட்டபோது, தடுக்கவேண்டிய காரணம் இல்லை என்ற அளவில் மேலதிகாரியின் இணக்கம் கிடைத்தது. தனியாக நிதி கிடைக்கவில்லை. ஆகவே அன்றாட வேலை முடிந்த பின்னர்தான் இந்த வேலை தொடங்கிற்று.

மாலையானதும் இருவரும் கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு புறப்படுவர். உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், குருதி ஆகியவற்றாற் செய்த ஒரு கூழ் அத்தட்டுகளில் உறைய வைக்கப்பட்டிருக்கும். குக்கற் கிருமி எளிதில் வளர்வதில்லை. போர்டேயும் ஜெங்கூவும் கண்டறிந்த இந்த உணவிலேயே அது வளரும். நோயுற்ற பிள்ளை இருமுகையில் அதன் வாய்க்கு நேரே சில அங்குல தூரத்தில் தட்டைப் பிடிக்கவேண்டும். தெறித்து விழும் துளிகளோடு கிருமி தட்டில் வந்து விழும். சில நாட்களில் முத்துப்போன்ற மிகச் சிறு புள்ளிகளாக அது வளர்ந்து தோன்றும். சொல்வதற்கு எளிது. செய்வதற்கோ, மூச்சுத் திணறும் ஒரு பிள்ளையின் முன்னால், அதன் தாய் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த இருமல் வரும்வரை தட்டோடு மண்டியிட்டிருக்கவேண்டும்.

பல வீடுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அந்த ஒளியில் இருவரும் தட்டைப் பிடித்தனர். பிள்ளை இருமி வாந்தியெடுத்து ஓய்ந்தபின், வேலையற்ற தந்தையர் தம் கவலைகளைச் சொல்லத் தொடங்குவர். கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அவ்விரு பெண்களாலும் வேறொன்றும் செய்ய முடியவில்லை. நோயையும் வறுமையையும் தாம் ஒரேவேளையிற் கற்றுக்கொண்டதாக எல்டெரிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1932 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் திகதி, அவர்கள் கொண்டுவந்த தட்டொன்றிற் குக்கற் கிருமி முதன்முறையாக வளர்ந்திருந்தது.

அத்தட்டுகள் உடனடியாக ஒரு பயனைத் தந்தன. குக்கல் கண்ட பிள்ளையை எத்தனை நாள் தனிமைப்படுத்தவேண்டும் என்பதற்கு அதுவரை திட்டவட்டமான அளவுகோல் இல்லை. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றைக் கண்டுவந்த எமக்கு, வீட்டுக் கதவில் ஒட்டப்படும் அறிவித்தல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அளவுக்கு மிஞ்சி அடைத்துவைத்தால் ஏழை நொந்துபோவான். முந்தித் திறந்துவிட்டால் அயலவன் பிள்ளை நோயுறும். பேர்ளும் எல்டெரிங்கும் ஒவ்வொரு பிள்ளையையும் வாரந்தோறும் சோதித்து, ஏறத்தாழ ஐந்து வாரங்களின் பின் பெரும்பாலான பிள்ளைகளிடமிருந்து நோய் பரவுவதில்லை எனக் காட்டினர். நகரின் தனிமைப்படுத்தல் விதி அதற்கேற்ப ஒழுங்குசெய்யப்பட்டது. வைத்தியர்கள் தட்டுகளைத் தாமே நிரப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்பவும் தொடங்கினர்.

1933 ஜனவரியில் முதலாவது தடுப்பூசி தயாராயிற்று. வளர்த்த கிருமிகளைச் சேகரித்து, மருந்திட்டுக் கொன்று, தூய்மைப்படுத்தி, உப்புநீரிற் கலந்து செய்யப்பட்டது அது. செய்முறையில் மந்திரம் ஏதுமில்லை. ஒவ்வொரு படியிலும் காட்டிய கண்டிப்பிலேதான் முன்னைய தடுப்பூசிகளிலிருந்து அது வேறுபட்டது. எந்நிலையிலுள்ள கிருமியை எடுப்பது, எத்தனை கோடிக் கிருமிகள் ஒரு துளியில் இருக்கவேண்டும், அது முற்றாக இறந்துவிட்டதா, வேறு கிருமி கலந்துள்ளதா என்று அவர்கள் ஓயாது சோதித்தனர். விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். பின்னர் தமது சொந்தக் கைகளிலேயே ஏற்றிக்கொண்டனர். பிறர் பிள்ளையின் உடலிற் செலுத்துமுன் தம் உடலில் அது என்ன செய்கிறது என்று பார்த்தனர். மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1930 இல், ஜேர்மனியின் லூபெக் நகரிற் காசநோய்த் தடுப்பு மருந்தில் உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துபோனதால் எழுபதுக்கு மேற்பட்ட சிசுக்கள் இறந்திருந்தன. ஆய்வுகூடத்தில் நேரும் ஒரு சிறு கவனயீனம் எத்தனை கல்லறைகளாகும் என்பதை அக்காலத்து நுண்ணுயிரியலாளர் அனைவரும் அறிந்திருந்தனர்.

அடுத்து வந்தது, என் பார்வையில் அவருடைய வாழ்வின் மிக முக்கியமான தீர்மானம். தடுப்பூசி பயன்தருகிறதா என்று அறிவதற்கு, அதனைப் பெற்ற பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிடவேண்டும். அக்கால ஆய்வாளர்களுக்கு இதில் இலகுவான ஒரு வழி இருந்தது. அது அநாதை இல்லம். அங்குள்ள பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பர், ஒரே உணவை உண்பர். கேள்வி கேட்கப் பெற்றோர் இல்லை. அரைப்பங்கினருக்கு ஊசி ஏற்றிவிட்டு, மற்றவர்களுக்கு நோய் வருகிறதா என்று பார்த்திருக்கலாம். உலகின் பல பாகங்களில் அவ்வாறே செய்யப்பட்டும் வந்தது. பேர்ள் அவ்வழியை நாடவில்லை. நகரத்தின் வீடுகளில், தாய் தந்தையரோடு வாழும் பிள்ளைகளையே அவர் தேர்ந்தார். பெற்றோர் விரும்பி அழைத்துவந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இலவசமாக ஏற்றப்பட்டது. தடுப்பூசி பெறாத பிள்ளைகளின் பெயர்கள் மாவட்ட நிவாரண ஆணைக்குழுவின் பட்டியலிலிருந்து, வயதும் வாழிடமும் ஒத்திருக்கும் வகையில் எடுக்கப்பட்டன.

இது இரட்டிப்பு வேலை என்பதை வாசகர்கள் உணரவேண்டும். இல்லமொன்றில் ஒருநாளிற் பார்த்து முடிக்கக்கூடிய பிள்ளைகளைப் பார்ப்பதற்கு நகரமெங்கும் படியேறி இறங்கவேண்டும். நகரின் சுகாதாரத் தாதியர் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டனர். இரு தொகுதிப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவர்கள் ஒழுங்காகச் சென்றனர். எந்தப் பிள்ளை நோயாளியோடு பழக நேர்ந்தது, எத்தனை நாள், எவ்வளவு நெருக்கமாக என்றெல்லாம் குறித்துவைத்தனர். இருமல் கண்ட வீட்டிலிருந்து தட்டு ஆய்வுகூடத்துக்குச் சென்றது. தாதியரின் பெயர்கள் வரலாற்று நூல்களிற் பெரிதாக இல்லை. எமது கிராமங்களில் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதர்களை அறிந்தவர்கள், அவர்களின் உழைப்பை ஊகித்துக்கொள்வர்.

1934 மார்ச் மாதம் தொடங்கி 1935 நவம்பர் வரையான முதற்கட்ட ஆய்வில் தடுப்பூசி பெற்ற 712 பிள்ளைகளும் பெறாத 880 பிள்ளைகளும் இடம்பெற்றனர். பெற்றவர்களில் நால்வருக்கே குக்கல் கண்டது. அதுவும் இலேசாகக் கண்டது. மற்றத் தொகுதியில் நோயுற்றோர் அதற்குப் பல மடங்கினர்.

இத்தகைய பெறுபேறு கிட்டியதும் பத்திரிகையாளரை அழைத்துப் பேட்டி கொடுப்பவர் உண்டு. பேர்ளோ, தமது கணக்கிற் பிழை இருக்கலாம் என்று சந்தேகிக்கக்கூடிய ஒருவரைத் தேடினார். அக்காலத்தில் நோய்ப்பரவலியலில் அமெரிக்காவின் முதன்மையான அறிஞர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வேட் ஹம்ப்டன் புரொஸ்ட் ஆவார். அவர் கிராண்ட் ரப்பிட்ஸுக்கு வந்தார். சிறிய மாநில ஆய்வுகூடமொன்றில் இரு பெண்கள் பெற்ற இம்முடிவை அவர் எளிதில் நம்பிவிடவில்லை. பதிவேடுகளைப் புரட்டினார், தாதியரின் குறிப்புகளைப் பார்த்தார், இரு தொகுதிகளும் உண்மையில் ஒத்தவையா என்று துருவினார். குறைகளைச் சுட்டிக்காட்டி, அடுத்த கட்டத்தை மேலும் செம்மையாக நடத்த ஆலோசனை வழங்கினார். பேர்ள் அவற்றை ஏற்றுக்கொண்டு தம் முறையைத் திருத்தினார். தொடர்ந்த ஆய்வும் அதே முடிவையே உறுதிசெய்தது. தம்மைச் சோதிக்க வருபவரைப் பகைவராகக் கொள்ளாத அந்த மனப்பக்குவம் விஞ்ஞானிகளிடத்தும் அரிது, எம்போன்ற குருக்களிடத்தும் அரிது என்பதை இவ்விடத்திற் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை.

ஆய்வு வளர வளரப் பணமுடை கூடிற்று. 1936 இல் பேர்ள் துணிந்து, அமெரிக்க ஜனாதிபதியின் துணைவியார் எலெனோர் றூஸ்வெல்ட் அம்மையாருக்கு அழைப்பு விடுத்தார். அம்மையார் ஆய்வுகூடத்துக்கு நேரிலே வந்து அனைத்தையும் பார்வையிட்டார். அதன் பின்னர், வேலையற்றோருக்கு வேலை வழங்கும் அரச திட்டத்தின் கீழ் ஆய்வுகூடத்துக்கு மேலதிக உதவியாளர்கள் கிடைத்தனர். எந்த வறுமை பிள்ளைகளை நோய்க்கு இரையாக்கியதோ, அந்த வறுமையில் வாடியோரிற் சிலருக்கே அந்நோயை வெல்லும் பணியிற் கூலி கிடைத்தது.

1940 அளவில் மிச்சிக்கன் மாநிலம் தடுப்பூசியைப் பரவலாக வழங்கத் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் கழகமும், முன்னர் இத்தகைய தடுப்பூசிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிய மருத்துவச் சங்கமும் அதனை ஏற்றுக்கொண்டன. எனினும் ஆய்வுகூடத்தில் வேலை ஓயவில்லை. அக்காலத்தில் லோனி கோர்டன் என்னும் கறுப்பின யுவதியைப் பேர்ள் வேலைக்குச் சேர்த்தார். உணவியல் கற்ற அவருக்கு அத்துறையில் வேலை மறுக்கப்பட்டிருந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் சொல்லுக்கு வெள்ளையினச் சமையலாளர்கள் கட்டுப்படமாட்டார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். நிறவெறி வேரோடியிருந்த அந்நாட்டில், பேர்ளின் ஆய்வுகூடம் அவருக்கு ஒரு மேசையையும் ஒரு பொறுப்பையும் கொடுத்தது. ஆயிரக்கணக்கான தட்டுகளைச் சலியாமற் பார்த்த கோர்டன், கிருமியின் வீரியத்தைச் சரியாக இனங்காண உதவும் முக்கியமான ஒரு படியைக் கண்டறிந்தார். செம்மறியாட்டுக் குருதி கலந்த உணவிலேயே அது தெளிவாகப் புலப்பட்டது. தடுப்பூசி மேலும் வலுப்பெற்றது.

குக்கல் ஊசியைத் தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஆகியவற்றின் தடுப்பு மருந்துகளோடு ஒன்றிணைக்கும் முயற்சியிலும் அவ்வாய்வுகூடம் முன்னின்று உழைத்தது. ஒரு பிள்ளையை மூன்று நோய்களுக்காகத் தனித்தனியே பலமுறை குத்தவேண்டிய அவலத்தை அந்த முக்கூட்டு நீக்கிற்று. அத்தோடு, ஒரு தொகுதித் தடுப்பூசியின் வலிமை இன்னொரு தொகுதியின் வலிமைக்கு நிகரானதா என்று எலிகளைக் கொண்டு அளவிடும் முறையொன்றையும் அவர்கள் 1940 களின் பிற்பகுதியில் வகுத்தளித்தனர். கேட்பதற்குச் சுவையற்ற விடயமே. ஆயினும் கிராண்ட் ரப்பிட்ஸிற் செய்யப்படும் மருந்தும் இன்னொரு கண்டத்திற் செய்யப்படும் மருந்தும் ஒரே அளவில் நம்பத்தக்கவையாக இருப்பதற்கு இதுவே வழிவகுத்தது. எமது நாட்டின் தாய்மார் 1961 ஆம் ஆண்டிலிருந்து கிளினிக்குகளிற் பெற்றுக்கொண்ட முக்கூட்டு ஊசிக்குப் பின்னாலும் இத்தகைய அளவீடுகளின் பொறுமை நின்றது.

1951 இன் இறுதியில் அவர் மாநிலச் சேவையிலிருந்து விலகி, மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவிற் கற்பித்தார். உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் சார்பில் மெக்சிக்கோ, கொலம்பியா, சிலி, பிரேசில் ஆகிய நாடுகளுக்குச் சென்று, தடுப்பூசி தயாரிக்கவும் சோதிக்கவும் அந்நாட்டவர்க்கு உதவினார். தமது கண்டுபிடிப்பைக் கொண்டு பொருளீட்ட அவர் முனையவில்லை. புகழ்மொழிகள் வந்தபோது தாதியரையும், வைத்தியர்களையும், பிள்ளைகளைத் தந்த தாய்மாரையும் அவர் முன்னே நிறுத்தினார். எல்டெரிங்கும் அவரும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். பகலில் ஆய்வுகூடத்தில் விடுபட்ட வாதம் இரவு உணவு மேசையில் தொடர்ந்தது.

அவருடைய இறுதி ஆண்டுகளில் ஒரு கசப்பான காட்சி அரங்கேறிற்று. குக்கல் ஊசியாற் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் ஊசியேற்றிய இடத்தில் வீக்கமும் வருவது வழமை. அரிதாக வலிப்பும் கண்டதுண்டு. 1970 களில், மூளைப் பாதிப்புக்கும் அதுவே காரணம் என்ற அச்சம் பிரித்தானியாவில் எழுந்து, செய்தி ஊடகங்களாற் பெருகிற்று. பெற்றோர் பின்வாங்கினர். தடுப்பூசி பெறும் பிள்ளைகளின் தொகை பாதிக்கும் கீழே சரிந்தது. 1977 முதல் 1979 வரை அந்நாடு மாபெரும் குக்கற் பரவலைச் சந்தித்தது. ஜப்பானிலும் 1975 இல் இரு சிசுக்களின் மரணத்தைத் தொடர்ந்து தடுப்பூசி இடைநிறுத்தப்பட்டது. 1979 ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 13,000 பேர் குக்கலாற் பீடிக்கப்பட்டனர், 41 பேர் மாண்டனர். நிலையான மூளைப் பாதிப்புக்கு அவ்வூசி காரணமன்று என்பதைப் பிந்திய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. எனினும் அப்பெற்றோரை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. தம் பிள்ளைக்கு அஞ்சியே அவர்கள் பின்வாங்கினர். அவர்கள் அறியாதது ஒன்றே: நீலம் பாரித்த முகத்தோடு மூச்சுக்குப் போராடும் பிள்ளையை அவர்கள் ஒருபோதும் கண்டதில்லை. பேர்ளும் அவரைப் போன்றோரும் செய்த வேலையே அக்காட்சியை அவர்களின் கண்களுக்கு மறைத்திருந்தது. பின்னாளில், பக்கவிளைவுகள் குறைந்த புதியவகை ஊசி ஜப்பானிலே உருவாக்கப்பட்டு, செல்வந்த நாடுகள் பலவற்றிற் பயன்பாட்டுக்கு வந்தது. எமது நாட்டுச் சிசுக்களுக்குப் பெரும்பாலும் ஏற்றப்படுவது பழைய முறையின் வழிவந்ததே. குக்கல் உலகிலிருந்து ஒழிந்துவிடவில்லை. தடுப்பூசியின் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால் அது அவ்வப்போது தலைதூக்குகிறது. ஆகவே இன்று பல நாடுகளில் கருவுற்ற தாய்மாருக்கே ஊசியேற்றி, பிறக்கும் சிசுவின் முதல் வாரங்களைக் காக்கின்றனர்.

பேர்ள் கென்ட்ரிக் 1980 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி, தொண்ணூறாவது வயதில், கிராண்ட் ரப்பிட்ஸில் காலமானார். மூன்றாண்டுகளின் பின் மிச்சிக்கன் மாநிலம் தன் சிறப்புக்குரிய பெண்களின் வரிசையில் அவருடைய பெயரையும் எல்டெரிங்கின் பெயரையும் சேர்த்தது. பேர்ளுக்குப் பின் அதே ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கி, 1969 இல் ஓய்வுபெற்றிருந்த எல்டெரிங், அதனைக் காண உயிரோடிருந்தார். அவர் 1988 இல் அதே நகரிற் கண்மூடினார். மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர்கள் தட்டைப் பிடித்து நின்ற வீடுகளின் பிள்ளைகள் அப்போது பேரப்பிள்ளைகளைக் கண்டிருந்தனர்.